வேகத்துக்கு ஓர் இடம் ஒதுக்குவோம்

பத்து கிலோ எடையுள்ள ஒரு மாதிரி விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல், இருவரை ஏற்றிக்கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளின் ஆற்றலுக்குச் சமம். வண்டியும் ஆட்களுமாக 250 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு விடைகளும் ஒன்றாகவே வரும். ஆனால் மோட்டார் சைக்கிள் மோதினால் ஓட்டியவருக்கும் அடிபடும். அந்தப் பயமே அவர் விரலை பிரேக்கின் மேல் வைத்திருக்கிறது. ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் ஆர்.சி. ஜெட்டை இயக்குபவரோ டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்கிறார். தவறு அவருடையதாக இருக்கும்போது அடி வேறொருவர் மேல் விழக்கூடும். இந்த விளையாட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏரோமாடலிங் நமக்குப் புதிதல்ல. என்.சி.சி.யின் விமானப் பிரிவில் சேர்ந்த மாணவர்கள் பால்சா மரத்தைச் செதுக்கி மாதிரி விமானம் செய்யப் பல தலைமுறைகளாகக் கற்றுவருகிறார்கள். நடிகர் அஜித் குமாரின் ஈடுபாட்டாலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆளில்லா விமானம் செய்யும் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு 2018-ல் அவர் ஆலோசகராக வந்ததாலும் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாகிவிட்டது. மின்மோட்டாரில் பறக்கும் சிறு விமானத்திலிருந்து உண்மையான டர்பைன் இன்ஜின் பூட்டிய ஜெட்டுக்கு ஒருவர் போவது இன்று பெரும்பாலும் பணத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. திறமையைப் பொறுத்த விஷயமாக அது மறுபடி ஆக வேண்டும்.

இதைப் பொம்மை என்று சொல்பவர்கள் ஒரு முறையாவது இன்ஜினைக் கிளப்பும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் ஒரு சிறு மின்மோட்டார் டர்பைனின் அச்சைச் சுற்றிவிடும். மெல்லிய ரீங்காரம் எழும். உள்ளே மண்ணெண்ணெய் பற்றியதும் சத்தம் தடித்து ஊளையாக ஏறும். பின்னால் காற்று கானல்போல் நெளியும். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அளவுள்ள அந்த உருளைக்குள், கார் டர்போசார்ஜரில் இருப்பது போன்ற ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. வெளிவரும் வாயுவின் வெப்பம் 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பேரிங்குகளுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளில் சுமார் ஐந்து சதவீதம் கலந்துவிட்ட எண்ணெய்தான் மசகு. தரையிறங்கி இன்ஜினை நிறுத்திய பிறகும் அதே சிறு மோட்டார் விட்டுவிட்டு அச்சைச் சுற்றிக் காற்றை இழுத்து உள்ளே குளிரவைக்கும். அது முடியும்வரை தெரிந்தவர்கள் யாரும் விமானத்தைத் தொடமாட்டார்கள்.

இந்த அறிவு வளர்ந்த விதம் அழகானது. டர்பைனில் ஒரு மாதிரி விமானம் முதன்முதலில் பறந்தது 1983-ல், இங்கிலாந்தில். அதன் பின் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங், ஒட்டுப்பலகையில் கம்ப்ரசர் சக்கரம் செதுக்கி, கார்பன் இழையால் அதை இறுக்கி, வீட்டுப் பட்டறையிலேயே ஓர் இன்ஜின் செய்துகாட்டினார். செய்ததோடு நிற்காமல், வேறு யாரும் செய்துகொள்ளும்படி அதைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். இன்று கடையில் விற்கும் டர்பைன்களுக்கெல்லாம் பின்னால் இப்படிப் பகிர்ந்துகொண்டவர்களின் உழைப்பு இருக்கிறது. 2017-ல் ஜெர்மனியின் பாலென்ஸ்டெட் விமானத்தளத்தில் நீல்ஸ் ஹெர்ப்ரிக் இயக்கிய ஜெட் மணிக்கு 749.221 கிலோமீட்டரைத் தொட்டு கின்னஸ் ஏட்டில் ஏறியது. ஒரு நொடிக்கு 208 மீட்டர். இறக்கை எட்டிய வேகத்தைக் கண் எட்டுமா என்பதே கேள்வியாகிவிட்ட நிலை அது.

சாதனைக்காரர்களை விடுவோம். வார இறுதியில் 300 கிலோமீட்டரில் பறக்கவிடும் சாதாரண ஆர்வலருக்கே கண்தான் முதல் எல்லை. இரண்டு மீட்டர் இறக்கையுள்ள விமானம் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் முழுநிலவின் அகலத்தில் பாதிதான் தெரியும். மேகமூட்டமான வானத்தில் அது ஒரு கீற்று. வருகிறதா போகிறதா, வயிறு தெரிகிறதா முதுகு தெரிகிறதா என்று ஒரு கணம் குழம்பினால் போதும். நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். அந்த அரைக் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆறே நொடி.

இரண்டாவது எல்லை உதறல். ஃபிளட்டர் என்பார்கள். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரானின் கீலிலோ, அதை அசைக்கும் சர்வோவின் பல்சக்கரத்திலோ மயிரிழை அளவு ஆட்டம் இருக்கும். மெதுவாகப் பறக்கும்போது அது ஒன்றும் செய்யாது. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அந்த ஆட்டம் காற்றோடு சேர்ந்து தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, ஒரு நொடிக்குள் இறக்கையைப் பிய்த்துவிடும். தரையில் அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஐலரானின் விளிம்பை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பார்த்தால் விரலுக்கே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. ஒவ்வொரு முறை பறக்கவிடுவதற்கு முன்பும் அதைச் செய்பவர், செய்யாதவர் என்று இந்த ஆர்வலர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது ரேடியோ. சிக்னல் அறுந்தால் இன்ஜினை நிறுத்தும் ஃபெயில்சேஃப் ஏற்பாடு எல்லா டர்பைன் விமானங்களிலும் இருக்க வேண்டும். அமெரிக்க ஏரோமாடலிங் சங்கத்தின் விதி இதற்கு இரண்டு நொடி தருகிறது. 300 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்பது ஏறத்தாழ 167 மீட்டர். இன்ஜின் நின்ற பிறகும் விமானம் வானத்தில் நின்றுவிடாது. வந்த திசையில் வந்த வேகத்தின் உந்தலில் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பதை ஃபெயில்சேஃப் தீர்மானிப்பதில்லை. மைதானத்தைத் தேர்ந்தெடுத்தவர்தான் தீர்மானிக்கிறார்.

விழுந்தால் தீ. சில லிட்டர் மண்ணெண்ணெய், லித்தியம் பாட்டரி, சிவக்கச் சூடான இன்ஜின், சுற்றிலும் காய்ந்த புல். இன்ஜினுக்குள் பிடித்த தீக்குக் கரியமில வாயு அணைப்பானும், புல்லில் பரவும் தீக்குத் தண்ணீரும் வேண்டும். இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத மைதானத்தில் டர்பைனைக் கிளப்பக் கூடாது. இதில் பேரத்துக்கு இடமே இல்லை.

இவ்வளவையும் கேட்ட ஒருவர் 'அப்படியானால் தடை செய்துவிட வேண்டியதுதானே' என்பார். அவர் கவலை நியாயமானது. ஆனால் தடை போட்டால் ஆர்வம் அழிவதில்லை. சங்கத்தின் மைதானத்தை விட்டு ஏரிக்கரைக்கும், விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவுச் சாலைகளுக்கும் ஓடிவிடும். அங்கே தீயணைப்பானும் இருக்காது, நிறுத்து என்று சொல்ல மூத்தவரும் இருக்கமாட்டார். 'என் காசு, என் விமானம், யாருக்கு என்ன' என்று கேட்கும் ஆர்வலரும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார். விமானம் அவருடையது. கீழே இருக்கும் நிலமும் அதில் நடப்பவர்களும் அவருடையவர்கள் அல்லர்.

இந்த விளையாட்டு வேரூன்றிய நாடுகள் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கின்றன. அரசு எல்லையை வகுக்கும். அதற்குள் யார் பறக்கவிடலாம், எதைப் பறக்கவிடலாம் என்பதைச் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும். முன்பு சொன்ன அமெரிக்கச் சங்கமான, 1936-ல் தொடங்கிய அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் டர்பைன் விமானங்களுக்கென்றே தனி விதிநூல் வைத்திருக்கிறது. வேகத்துக்கு மணிக்கு 200 மைல், அதாவது ஏறத்தாழ 320 கிலோமீட்டர் என்று உச்சவரம்பு உண்டு. டர்பைனைத் தொட விரும்புபவர், ஏற்கெனவே அதில் தேர்ந்தவர்கள் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டித் தகுதிபெறும் முறையைப் பல ஆண்டுகளாக அந்தச் சங்கம் நடத்திவந்தது. அமெரிக்கச் சட்டமும் இத்தகைய சங்கங்களின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றியே பொழுதுபோக்குப் பறத்தல் நடக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு ஆளில்லா விமான விதிகளின் 16-ஆவது பிரிவு, மாதிரி விமானச் சங்கங்களுக்கு அவற்றின் நெடுநாள் நடைமுறையையும் பாதுகாப்பு வரலாற்றையும் மதித்துத் தனி அனுமதி தர வழிசெய்கிறது. ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் மாதிரி விமானத்தைப் பறக்கவிடவே முடியாது.

காகிதத்தில் மட்டும் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2019 ஜூலையில் இங்கிலாந்தின் குட்வுட்டில், 95 கிலோ எடையுள்ள ஏர்ஸ்பீடர் என்ற ஆளில்லாக் கருவியைப் பார்வையாளர்கள் முன்னிலையில் பறக்கவிட்டார்கள். அது ஜெட் அல்ல, மின்சாரத்தில் பறப்பது. கட்டுப்பாடு போனது. அணைக்கும் சுவிட்சை அழுத்தினார்கள். அது வேலை செய்யவில்லை. கருவி சுமார் 8,000 அடி வரை ஏறி, பயணிகள் விமானங்களுக்கான வான்பரப்பில் நுழைந்து, மின்சாரம் தீர்ந்ததும் வயலில் விழுந்தது. மக்கள் வசிக்கும் வீடுகள் அங்கிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் தூரத்தில் இருந்தன. யாருக்கும் அடிபடவில்லை. விசாரணை நடத்திய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு, அந்தக் கருவி எந்த ஒப்புக்கொண்ட தரத்தின்படியும் வடிவமைக்கப்படவோ செய்யப்படவோ சோதிக்கப்படவோ இல்லை என்று எழுதியது. அதைப் பறக்கவிட விலக்கு அளித்த விமானப் போக்குவரத்து ஆணையம் கருவியை நேரில் பரிசோதித்திருக்கவும் இல்லை. விண்ணப்பம் இருந்தது, ஆவணம் இருந்தது. கருவியைக் கையால் தொட்டுப் பார்த்து 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒரு தேர்ந்த கை இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை. 25 கிலோவுக்கு மேற்படாத, கல்விக்கோ ஆய்வுக்கோ பொழுதுபோக்குக்கோ கண்பார்வைக்குள் மட்டும் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று அவை விலக்குத் தருகின்றன. வரைபடத்தில் தடையில்லாததாகக் குறித்த பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டியதில்லை. இந்தத் தளர்வை வரவேற்க வேண்டும். ஆனால் அந்த விதிகள் கருவிகளை எடையை வைத்து வகுப்புப் பிரிக்கின்றன, வேகத்தை வைத்து அல்ல. வயலுக்கு மருந்தடிக்க மெல்ல ஊர்ந்து பறக்கும் பத்து கிலோ ட்ரோனும், வானத்தைக் கிழித்துப் போகும் பத்து கிலோ ஜெட்டும் அங்கே ஒரே எடை வகுப்பு. தொடக்கத்தில் போட்ட கணக்கை நினைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும். வேகத்தையும் டர்பைனையும் தனியாகக் கவனிக்கும் ஒரு பிரிவு அந்த விதிகளில் வர வேண்டும். அதன் பொறுப்பை, ஐரோப்பா செய்ததுபோல், தகுதியுள்ள சங்கங்களிடம் ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஏனென்றால் ஐலரானை அசைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதே விதிகளில் இன்னொரு நல்ல கூறு இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் முறையையே ஆளில்லா விமானங்களுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். மிகச் சிறிய நேனோ வகைக்கு மட்டும் விலக்கு. டர்பைனில் லட்சக்கணக்கில் போடுபவர் காப்பீட்டுக்குக் கணக்குப் பார்ப்பதை எந்தச் சங்கமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. காப்பீட்டுத் தாள் இல்லாதவர் விமானத்தைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஒரு முன்மாதிரி இங்கேயே உண்டு. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்ட காலம் அது. வேகம் கூடக்கூட அந்தப் பழைய ஓடுதளம் போதாமல் போனது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்னின்று இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடத்தை அமைத்து, 1990-ல் அங்கே பந்தயத்தைக் கொண்டுபோனது. வேகத்தை விரும்பியவர்களே வேகத்துக்கு வேலியும் போட்டார்கள். சாலையில் பந்தயம் விடும் பையன்களிடம் 'அங்கே போ' என்று கைகாட்ட ஓர் இடம் கிடைத்தது. ஜெட் ஆர்வலர்களிடம் கைகாட்ட நம்மிடம் அப்படி ஓர் இடம் வேண்டும். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்காலத்து ஓடுதளங்கள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. சிலவற்றுக்கு வேறு திட்டங்கள் இருக்கலாம். எல்லாம் கிடைக்க வேண்டும் என்றும் இல்லை. உரிய துறைகளின் அனுமதியோடு, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஓர் ஓடுதளம். கேட்பது அவ்வளவுதான்.

இடம் கிடைத்துவிட்டால் மீதியை நாம் எல்லோரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும். இதில் சங்கத்தின் பங்கு மிகக் கடினமானது. ஏனென்றால் பெரும்பாலும் நண்பரிடம்தான் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு மாதம் உழைத்துக் கட்டிய விமானத்தோடு, முந்நூறு கிலோமீட்டர் தூரம் கார் ஓட்டி வந்த ஒருவரிடம் 'அண்ணே, கீல் ஆடுது, இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு விமானத்தைத் திரும்பக் காரில் ஏற்ற அதைவிடப் பெரிய மனம் வேண்டும். இந்த இரண்டும் இயல்பாக நடக்கும் சங்கத்தில் புதியவர்கள் தாமாகவே பழகிவிடுவார்கள். பறக்கவிடுபவரின் தோளருகே நிற்கும் ஸ்பாட்டருக்கும் அதே உரிமை வேண்டும். பறக்கவிடுபவர் தன் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது; ஓடுதளத்தில் ஆள் நடக்கிறாரா, வானத்தில் ஹெலிகாப்டர் வருகிறதா, பருந்து வட்டமிடுகிறதா என்று பார்ப்பது ஸ்பாட்டர்தான். அவர் வயதில் இளையவராக இருந்தாலும் 'இறக்குங்க' என்றால் இறக்கியாக வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சங்கம் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும், பெயர் போடாமல். ஷ்ரெக்லிங் தன் இன்ஜினை மறைக்காமல் பகிர்ந்துகொண்டார். நாம் நம் தவறுகளையாவது பகிர்ந்துகொள்ளலாம்.

விற்பவர்களுக்கும் பங்கு உண்டு. முதல் விமானமே ஜெட்டாக வேண்டும் என்று கேட்டு வரும் இளைஞரிடம் சங்கத்தின் கடிதம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் வியாபாரம் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வேடிக்கை பார்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தின் பக்கம் விமானம் தாழப் பறந்து போனால் கைதட்டலும் விசிலும் பறக்கின்றன. போனில் படம் பிடித்துப் பரப்புகிறோம். அடுத்த சுற்றில் அது இன்னும் தாழ, இன்னும் நெருங்கி வருவதற்கு அந்தக் கைதட்டல்தான் காரணம். பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பால், ஓடுதளத்தின் நடுவில், சீராகப் பறந்து சுத்தமாகத் தரையிறங்கும் விமானத்துக்குக் கைதட்டப் பழகுவோம். டர்பைனில் வேகத்தைக் கூட்டச் சொன்னால் அது உடனே கேட்காது, ஓரிரு நொடி கழித்துத்தான் ஏறும். அதனால் தரையிறங்குவதை வெகுமுன்பே திட்டமிட்டாக வேண்டும். கலை அங்கேதான் இருக்கிறது.

ஊர்க்காரர்களை இந்தப் பேச்சில் கடைசியாகச் சேர்ப்பதே வழக்கமாகிவிட்டது. அவர்களை முதலில் சேர்க்க வேண்டும். ஓடுதளத்தைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், பள்ளி விட்டதும் சத்தம் கேட்டு ஓடிவரும் பிள்ளைகள். பறக்கவிடும் நாளை முன்கூட்டியே ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் தேநீர்க்கடைச் சுவரிலும் சொல்லிவிட வேண்டும். விழுந்த விமானத்தை எடுக்கப் பிள்ளைகள் ஓடக் கூடாது, சூடான இன்ஜினும் நசுங்கிய லித்தியம் பாட்டரியும் சில நிமிடம் கழித்தும் பற்றும் என்று பள்ளிக்கூடத்திலேயே போய்ச் சொல்லலாம். விமானத்தையும் எடுத்துப்போய்க் காட்டினால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளை விமானப் பொறியாளராகவும் கூடும். பயிரில் விழுந்தால், உடைந்த இறக்கையைத் தேடுவதற்கு முன் நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். சேதத்தைப் பேசி முடித்த பிறகு அவர் அனுமதியோடு வயலில் இறங்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் இதில் செய்யக்கூடியது, எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது. சங்கத்தார், ஊராட்சித் தலைவர், தீயணைப்பு நிலைய அலுவலர், பக்கத்து நிலத்துக்காரர்கள், மேய்ச்சல்காரர்கள். தண்ணீர் வண்டி யார் செலவில் நிற்கும், புல் காய்ந்து கிடக்கும் கோடையில் எந்த மாதங்களில் டர்பைனைக் கிளப்பக் கூடாது, காலையில் எத்தனை மணிக்கு ஆடுகள் ஓடுதளத்தைக் கடந்து முடியும் என்பதைப் பேசி ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளின் ஒரு படியை ஓடுதளத்தின் வாசலிலும் இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டிவிட்டு, அடுத்த மாதமே பறக்கத் தொடங்கலாம்.